ஒரு கட்டை கீழே

7 மார்ச் 1984, விபூதிப் புதன்
நெற்றிச் சாம்பலோடு கிதாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தவக்காலத்தில் கோவிலில் வாத்தியம் கிடையாது. இனி பாஸ்கு இரவில், ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, குளோரியா பாட்டுக்குத்தான். துடைக்கும்போது கண்டேன்: கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு, பிரிட்ஜ், பின்பக்கம் பலகையை விட்டுத் தூக்கியிருக்கிறது. தபால் அட்டையின் முனை உள்ளே போகிறது.

8 மார்ச்
பாடகர் குழுவை நடத்தும் அற்புதராஜிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அதுக்கென்னங்கய்யா, இந்த வருசம் என் ஆர்மோனியமே போதும். நீங்க சனத்தோட உக்காந்து பூசை பாருங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இந்த வருடம் உட்கார்ந்தால் அப்புறம் யார் எழுப்பப்போகிறார்கள்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

14 மார்ச்
கம்பிகளைத் தளர்த்தி, இடுக்கில் வெள்ளைப் பசையைக் கத்திமுனையால் செலுத்தினேன். மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்திருக்கிறேன்.

17 மார்ச்
பாதி சுதிக்கு வருவதற்குள் மறுபடி திறந்துகொண்டது. பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேல் புதிதை விட்டால் எப்படிப் பிடிக்கும்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். முழுதாகக் கழற்றினால் பலகை பிய்ந்துவிடுமோ என்று பயம் – அவ்வளவுதான்.

24 மார்ச்
கழற்றிவிட்டேன். தோசைத் திருப்பியைச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக. பலகையில் ஒரு மரச்சிம்பு பிய்ந்தது. பிறகு நாள் முழுக்கச் சுரண்டல். இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை?

30 மார்ச், வெள்ளி
தச்சர்கள் ஒட்டும் வச்சிரம் வாங்கி அடுப்பில் காய்ச்சினேன். இருதயமேரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது என்று விளக்கம் வேறு சொன்னேன். கட்டிக்கொண்டவளைத் தெரியாதவன் மாதிரி.
"தவக்கால வெள்ளிக்கெழமை, கருவாட்டைக்கூடத் தொடாம கஞ்சி குடிக்கிறேன். நீங்க என் அடுப்புல மாட்டுத்தோலை வேகவைக்கிறீங்களா?"
சாப்பிடப்போவதில்லையே என்று நினைத்தபடியே எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டினேன்.

31 மார்ச்
மறுபடி வச்சிரம். கொல்லையில் செங்கல் அடுப்பு. ஒட்டியாகிவிட்டது. ஆனால் இந்தக் கடல்காற்றில் எப்போது காயும்?

12 ஏப்ரல்
கம்பிகளை முறுக்கினேன். ஒட்டு நிற்கிறது. முழுச் சுதிக்கு ஏற்றத்தான் துணிவில்லை. இழுவை குறையட்டும் என்று எல்லாக் கம்பியையும் சுதியில் ஒரு கட்டை கீழேயே நிறுத்திவிட்டேன். ஒட்டியதை நானே நம்பவில்லை என்றால் அற்புதராஜ் எப்படி நம்புவான்?

21 ஏப்ரல், பெரிய சனி
காலையில் ஒத்திகை. கூப்பிடாமலே போனேன். ஒரு கட்டை இறக்கி வாசிக்கலாமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"இறக்கிப் பாடுனா சாமிக்கு எட்டுமாங்கய்யா?" என்றான் அற்புதராஜ். எல்லோரும் சிரித்தார்கள்.
பெண்கள் வரிசையிலிருந்து லூர்தம்மாள், அவனுக்குச் சித்தி முறை, நிமிராமலே சொன்னாள்: "சாமிக்கு எட்டும்டா. எங்க தொண்டைக்குத்தான் இத்தனை வருசமா எட்டல."

22 ஏப்ரல், ஈஸ்டர்
நேற்று இரவு மணிகள் அடித்ததும் குளோரியா. அற்புதராஜ் பழக்கத்தில் பழைய கட்டையிலேயே விரலை வைத்தான். என் கிதாரைக் கேட்டுவிட்டு, என் பக்கம் பார்த்து, மாற்றி வைத்தான். உச்ச வரியில் பெண்கள் யாரும் கிறீச்சிடவில்லை. நான் பிரிட்ஜை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
வெளியே வரும்போது கேட்டான்: "காலைப் பூசைக்கும் இதே சுதிதானுங்களா?"
ஆமாம் என்றேன். உங்கள் இஷ்டம் என்று சொல்லவில்லை.