நான்கு நாட்டு இலக்கமும் ஒரே இடுப்பும்

அடியே,

நேற்றுக் காலை தபாலில் ஒரு ஜீன்ஸ் வந்தது. எனக்கென்று நானே எடுப்பித்ததுதான். பொதியைப் பிரித்து, இடுப்புப் பட்டிக்குள் தைத்திருந்த சின்னத் துண்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பிரான்ஸ் 44, இத்தாலி 48, ஜெர்மனி 42, இங்கிலாந்து 16. எல்லாம் வரிசையாக அச்சடித்துக் கிடக்கிறது! வாசலில் நின்றபடியே தனியாகச் சிரித்தேன். உடனே உனக்குச் சொல்ல வேண்டுமென்று கை தொலைபேசிக்குப் போனது. பிறகுதான் நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. சரி, எழுதியாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் கண்டுபிடிப்பைக் களவெடுத்துவிட்டார்களடி!

எண்பத்தாறில் பிரான்சுக்கு வந்து லா ஷப்பலில் நாங்கள் இருந்த ஐந்தாம் மாடி அறையை நினைக்கிறேன். நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். சுவரின் ஒரு பக்கம் உன் மாதா, மறுபக்கம் என் பிள்ளையார். விடிய எழுந்து பஸ் பிடித்து ஒபர்வில்லியே போனால், அங்கே எங்கள் ஜீன்ஸ் கிடங்கு. நாலைந்து நாடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அளவு பார்த்துப் பிரித்து, சந்தை வியாபாரிகளுக்குக் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை.

இரண்டு பேருக்கும் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை. எனக்கு அது வெறும் வேலை. உனக்கு அப்படியில்லை. உன் மகள் மன்னாரில் உன் அக்காவோடு இருந்தாள், எட்டு வயது. நிரந்தர வேலைக் கடிதம் கையில் கிடைத்தால்தான் அவளைக் கூப்பிடுகிற பத்திரங்களைக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது காய்ச்சல் என்று நீ படுத்ததில்லை.

ஆனால் வேலை எங்களுக்குத் தெரியுமா? ஒரு மண்ணும் தெரியாது. ஊரில் தையற்காரர் சொல்வதெல்லாம் அங்குலம். முதல் நாள் 38 என்று கண்டதும், இந்த ஊர்ப் பெண்களுக்கு முப்பத்தெட்டு அங்குல இடுப்பா என்று நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். விரித்துப் பார்த்தால் உன் இடுப்புக்கே அளவாக இருந்தது. அப்படியென்றால் அது வெறும் இலக்கம், 38 என்றால் எங்கும் 38 என்று முடிவு கட்டி, இத்தாலியையும் ஜெர்மனியையும் பிரான்சையும் ஒரே பெட்டியில் போட்டோம். 10, 12, 14 என்று வந்தவற்றுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். இந்த நாட்டில் பிள்ளைகளின் உடுப்பில் வயதைப் போடுவார்கள், ஆகவே இவை பிள்ளைகளுடையவை என்றேன். நீயும் தலையாட்டினாய். எவ்வளவு கெட்டிக்காரிகள் நாங்கள்!

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, சென் தெனிச் சந்தை வியாபாரி ஒருவர் இரண்டு பெட்டிகளோடு வந்து கத்தினார். பத்து வயதுப் பிள்ளைக்கென்று வாங்கிப் போனதற்குள் அந்தப் பிள்ளையின் தாயே இறங்கிவிட்டாளாம். 38 போடுகிற பெண் ஒருத்தி இத்தாலிய 38-க்குள் ஏறப் போய், சிப் வெடித்துவிட்டதாம். முதலாளியின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கிடங்கு முழுவதும் திருப்பிப் பிரிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை இரண்டு பேரும் வரத் தேவையில்லை என்றார்.

நான் பெட்டி மேல் குந்தி அழுதேன். அந்தப் பத்து வயதுக் கதையைச் சொன்னவள் நான்தானே. நீ திட்டுவாய் என்று பார்த்தேன். நீயோ ஒரு ஜீன்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றாய்.

"நம்பர்தானே மாறுது. நான் மாறேல்லையே. நான் ஒரே ஆள்தானே" என்றாய்.

சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டாய். பிரெஞ்சு 38 உனக்கு அச்சாவாக இருந்தது. இத்தாலியில் 38 தொடையிலேயே நின்றுவிட்டது. 40-க்குள் மூச்சு விட முடியவில்லை. 42 சரி. ஜெர்மனியில் 36. அந்தப் 'பிள்ளைகளுடைய' இங்கிலாந்துப் பெட்டியில் 10! நீ உள்ளிருந்து கத்தக் கத்த, நான் ஒரு பெட்டியின் மூடி அட்டையைக் கிழித்துக் கறுப்பு மையால் எழுதினேன். கண்ணீர் எப்போது நின்றதென்று எனக்கே தெரியாது. அமெரிக்காக்காரன் மட்டும் எங்கள் ஊர்த் தையற்காரர் மாதிரி. இடுப்பும் காலும் அங்குலத்திலேயே எழுதியிருந்தான். அளவு நாடாவை வைத்தால் கதை முடிந்தது.

ஆயுளில் முதல் தடவையாக ஜீன்ஸ் போட்டவள் நீ. சட்டையை மேலே முடிந்துகொண்டு கிடங்கின் நடுவே இரண்டு தரம் நடந்து காட்டினாய். லொறிக்காரன் சீட்டி அடித்தான். நீ திரும்பியும் பார்க்கவில்லை.

அட்டையைப் பார்த்து நான் சொன்னேன், பிரான்ஸ் இலக்கத்தைவிட இத்தாலிக்கு நாலு கூட, ஜெர்மனிக்கு இரண்டு குறைய, இங்கிலாந்துக்கு இருபத்தெட்டைக் கூட்டினால் பிரான்ஸ். ஆனால் ஓர் உடம்பை வைத்து எப்படி நம்புவது? பெரிய அளவிலும் இந்தக் கணக்கு நிற்குமா? அப்போதுதான் நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

செத்தாலும் போடமாட்டேன் என்றேன். அம்மா கேள்விப்பட்டால் என்னைத் தலைமுழுகிவிடுவாள் என்றேன். இந்த உடம்போடு நான் காற்சட்டை போட்டால் ஊர் சிரிக்கும் என்றேன். நீ பகிடி விடவில்லை. என் கையைப் பிடித்தாய்.

"என்ரை பிள்ளைக்காகப் போடடி."

போட்டேன். பிரெஞ்சு 44 எனக்கு ஏறியது. நீ இத்தாலிப் பெட்டிக்கு ஓடி 48-ஐ எடுத்து வந்தாய். ஏறியது! ஜெர்மனி 42. ஏறியது! கடைசியாக இங்கிலாந்து 16. பொத்தானில் கையை வைத்தேன். அதுவும் பூட்டுப்பட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் கணக்கெழுதுகிற மதாம் மேலிருந்து இறங்கி வந்துவிட்டாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துத் துள்ளிக்கொண்டு நின்றோம். கிடங்கில் கிடந்த ஐநூறு ஜீன்ஸும் அந்த நிமிடத்தில் எங்களுக்கு விளங்கிவிட்டன.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே வேலை முடிந்தது. முதலாளி பெட்டி பெட்டியாக இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் அட்டையைத் தன் மேசைக்கு மேலே சுவரில் அடித்தார். பின்னேரம் இரண்டு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். நீ உன்னுடையதை மடிக்காமல், பஸ்ஸில் முழு வழியும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய்.

மகளுக்கும் ஒரு ஜீன்ஸ் வேண்டுமென்றாய். வயது பார்த்து எடுக்கச் சொன்னேன். நீ கேட்கவில்லை. அக்காவுக்கு எழுதி, பிள்ளையின் இடுப்புக்கு ஒரு நூலும் காலுக்கு ஒரு நூலும் கடிதத்துக்குள் வைத்து அனுப்பச் சொன்னாய். வந்த நூல்களை மேசையில் நீட்டி, தடவித் தடவி அளந்து, கிடங்கில் ஒன்றை எடுத்து, காலை உள்ளே மடித்துத் தைத்து வைத்தாய். பத்திரங்கள் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகப் போய்த் திரும்பின. ஒன்றரை வருடம் போனது.

விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது உனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நான்தான் உன்னைத் தள்ளிவிட்டேன். அழுது முடித்து, கழிப்பறையில் அந்த ஜீன்ஸைப் போடுவித்தாய். இடுப்புச் சரி. கால் கணுக்காலுக்கு மேலே நின்றது. நீ அந்த ஈர நிலத்திலேயே முழங்கால் ஊன்றி, கொண்டை ஊசியால் விளிம்புத் தையலைப் பிரித்தாய். உள்ளே மடித்து வைத்திருந்த துணி முழுவதும் இறங்கியது. அப்போதும் கால் வெளியே தெரிந்தது. அவளுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"வளருவாள் எண்டு நாலு விரல் கூட வைச்சனானடி. அதுவும் போதாமல் போச்சு."

எங்கள் அட்டையில் நாட்டுக்கு நாடு எத்தனை கூட்டுவது என்று இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு எத்தனை கூட்டுவது என்று இருக்கவில்லை. அவளோ கண்ணாடியில் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வடிவாயிருக்கம்மா, இப்படியே வாறன் என்றாள். கணுக்கால் தெரிய, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் லா ஷப்பல் வரைக்கும் வந்தாள்.

இன்றைக்கும் யாராவது தூரத்திலிருந்து வருகிறார்கள் என்றால், அவர்கள் எழுதி அனுப்பிய அளவில் நான் உடுப்பு எடுப்பதில்லை. நாலு விரல் கூட வைக்கிறேன். பிறகு உன் முகத்தை நினைத்து, இன்னும் இரண்டு விரல்.