முத்தியால்பேட்டை வீட்டின் முதல் பால்

அன்று சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இந்த வீட்டை விற்க வேண்டாம் அப்பா" என்று நான் சொல்லவில்லை. "என்ன செய்கிறீர்கள்?" என்றுகூடக் கேட்கவில்லை. குடையை மடக்கி, இருமிவிட்டு உள்ளே வந்தேன்.

இன்று காலை மூலக்குளத்து வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்தும் தீய்ந்த வாசனை போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் அந்தப் பழைய வீட்டை வங்கிக் கடனில் வாங்கியபோது, திட்டம் என்னுடையதுதான். ஒழுகும் கூரையைச் சரிசெய்து, தரையை மாற்றி, வண்ணம் அடித்து, லாபத்துக்கு விற்பது. பிறகு கடனில்லாத வீடு ஒன்றில் உட்காருவது. நீங்கள் வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வாடகை வீடு மாற்றி வாடகை வீடு என்று அலைந்தவர் நீங்கள். சொந்த வீட்டைப் பார்க்காமலே அம்மா போய்விட்டார். "கடன் இல்லாத வூடா? சரி பாப்பா" என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

வேலை நடந்த மாதங்களில் அங்கேயே படுத்துக் காவல் இருந்தீர்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தீர்கள். அந்த வீட்டு அடுப்பில் பால் ஏறக்கூடாது. எல்லோருக்கும் கடுங்காப்பிதான். பிரெஞ்சுத் துரையை அழைப்பதுபோல் உங்களைக் கேலியாக 'முசியே' என்று அழைக்கும் கொத்தனார் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னா முசியே, ஒரு டம்ளர் பால் ஊத்துனா வூட்ட நாங்க எழுதி வாங்கிக்கவா போறோம்?"

"பயம் உன்னாலயில்லய்யா, என்னால. பால் பொங்கிட்டா வூடு நம்மளப் புடிச்சிக்கும். அப்புறம் எப்டி விக்கறது?"

"சக்கரையாச்சும் நெறையப் போடச் சொல்லு பாப்பா" என்று கொத்தனார் என்னைப் பார்த்துச் சொன்னார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதற்குள் பின்னறை ஜன்னலோரம் என் புத்தக அலமாரியை மனதுக்குள் வைத்துவிட்டிருந்தேன். நீங்கள் குளியலறையில் ஒரு கைப்பிடி பதிக்கச் சொன்னீர்கள். "வாங்கறவங்க வூட்ல வயசானவங்க இருப்பாங்கல்ல" என்றீர்கள். உங்கள் முழங்கால் வலியை நான் நினைத்துக்கொண்டேன்.

உப்பளம் பகுதியிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்து பார்த்தார்கள். பிடித்துப்போனது. நீங்கள் வாக்குக் கொடுத்து முன்பணமும் வாங்கினீர்கள்.

மறுநாள் மழை. அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்தேன். வீட்டில் வேறு யாருமில்லை. அடுப்பில் சின்னப் பாத்திரம் ஒன்று. நீங்கள் அதையே பார்த்தபடி நின்றிருந்தீர்கள். நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி வழிந்தது. நீங்கள் அணைக்கவில்லை. கைகூப்பினீர்கள். அப்போதுதான் நான் இருமினேன்.

"வந்துட்டியா பாப்பா? காப்பி குடிக்கணும் போல இருந்துது."

"எனக்கும் குடுங்கப்பா."

நின்றபடியே குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம்.

நான் வாய் திறந்திருந்தால் நீங்கள் அப்போதே உப்பளம் போய் முன்பணத்தைத் திருப்பியிருப்பீர்கள். சொன்ன சொல் தவறியவர் என்ற உறுத்தலோடும் என் கடனைப் பற்றிய கவலையோடும் அந்த வீட்டில் இருந்திருப்பீர்கள். நீங்கள் வாய் திறந்திருந்தால் நான் விற்க விட்டிருக்கமாட்டேன், கடனும் என்னை விட்டிருக்காது. அது உங்களுக்குத் தெரியும். இத்தனை யோசித்தும், அன்று பேசாமல் இருந்தது சரியா என்று எனக்குத் தீர்மானமாகவில்லை. பால் வைக்கும்போதெல்லாம் அருகிலேயே நிற்கிறேன். பொங்கும் நேரத்தில் அணைக்க மட்டும் கை வருவதில்லை.

பத்திரம் பதிவானது. வாங்கியவர்கள் புதுமனை புகும் நாளில் நம்மையும் அழைத்தார்கள். அந்தப் பெண் உங்கள் கையில் டம்ளரைக் கொடுத்தார். "இந்த வூட்ல காஞ்ச மொதப் பாலு. நீங்கதான் மொதல்ல குடிக்கணும்யா."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாங்கிக் குடித்தீர்கள்.

விற்ற லாபத்தில் கடனில்லாமல் வாங்கிய மூலக்குளத்து வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இறந்துபோனீர்கள். அங்கே பால் காய்ச்சியது நான்.