கண்ணுக்குள் பறக்கும் பூச்சிக்கு வீட்டில் மருந்தடித்தது குறித்து

அனுப்புநர்:
தங்களிடம் கண்புரை அறுவை செய்துகொண்ட தையல்காரரின் தம்பி மனைவி,
விலங்கியல் ஆய்வகப் பொறுப்பாளர்,
மூன்றாம் மாடி, நூலகத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
மாநகராட்சி கண் மருத்துவமனை.

பொருள்: கண் கோளாறு பற்றிய புகாரைப் பூச்சி ஒழிப்புப் பிரிவுக்கும் மின் பிரிவுக்கும் அனுப்பியது – நோயாளியை மருத்துவர் ஒருவர் பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

அந்தப் பூச்சி பறக்கிறதா, ஊர்கிறதா? திங்கட்கிழமை மாநகராட்சி உதவி எண்ணில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, பூச்சிகளை வகை பிரித்து ஊசியில் குத்தி வைப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. காரணம், அது என் நாத்தனாரின் வலக் கண்ணுக்குள் இருக்கிறது.

1. என் கணவரின் அக்காவான அவர் எங்களுடன் வசிக்கிறார். பள்ளி வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. இரண்டு மாதங்களுக்கு முன் தாங்கள் அந்தக் கண்ணில் புரையை நீக்கி லென்ஸ் பொருத்தினீர்கள். அறுவை மிக நன்றாக நடந்தது என்பதை நன்றியுடனும் சற்று வருத்தத்துடனும் பதிவு செய்கிறேன். அன்று முதல் எங்கள் வீட்டு ஒட்டடை, என் நரை, அவர் தம்பியின் சட்டைக் காலர் எதுவும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. "இந்தச் சுவரு வெள்ளையா? இத்தனை நாளா சந்தனக் கலர்னுல்ல நெனச்சேன்" என்றார். ஆகவே திங்களன்று சாப்பிடும்போது "கறுப்பா என்னமோ பூச்சி பறக்குது" என்று அவர் கூறியதும் நான் மேசையைத் துடைத்தேன். இரண்டாம் முறை துடைத்த பிறகுதான், அவர் கண்ணைத் திருப்பும் பக்கமெல்லாம் அது கூடவே போகிறது என்று விளங்கியது.

2. வீடு திரும்பும்போது தாங்கள் தந்த துண்டுத்தாளில், "பூச்சி பறத்தல், மின்னல் அடித்தல், திரை விழுதல் இருப்பின் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறது. எங்கே என்று இல்லை. ஏன் என்றும் இல்லை. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, கண் ஆகிய எல்லாவற்றுக்கும் உதவி எண் ஒன்றே. அழைப்பை எடுத்த பெண் மிகப் பணிவானவர். "பூச்சி" என்ற சொல் வரை பொறுமையாகக் கேட்டார்.

3. செவ்வாயன்று முதுகில் மருந்துத் தொட்டியுடன் ஒருவர் வந்தார். "எங்கம்மா இருக்கு?" என்றார். நாத்தனார் "அதோ" என்று சுவரைக் காட்டினார். அவர் அங்கே அடித்தார். "இப்ப அலமாரிப் பக்கம் போயிருச்சு" என்றார் நாத்தனார். அங்கேயும் அடித்தார். இவ்வாறு வீடு முழுவதும் முடிந்தது. நான் விளக்கிச் சொல்ல முயன்றேன். "மேடம், உத்தரவு வந்திருச்சு, அடிக்காமப் போனா என்னைக் கேப்பாங்க" என்றார். மாலை வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டில் இப்போது கரப்பான் இல்லை. நாத்தனாரின் பூச்சி நலமாக இருக்கிறது.

4. அன்று இரவே கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டத் தொடங்கியது. இம்முறை "கண்" என்ற சொல்லை முதலில் வைத்து உதவி எண்ணில் பேசினேன். பலன் இல்லை. புதன் காலை மின் பிரிவிலிருந்து வந்தவர் குழல்விளக்கின் ஸ்டார்ட்டரை மாற்றினார். கண்ணை மூடினாலும் மின்னுகிறது என்று நாத்தனார் சொன்னதும், "அப்படின்னா மெயின்லதான் கோளாறு" என்று மெயினை அணைத்தார். "இப்ப?" என்றார். "இப்பவும் அடிக்குது தம்பி" என்றார் நாத்தனார். வீட்டில் மின்கசிவு இல்லை என்று எழுதிக் கையொப்பம் வாங்கிச் சென்றார்.

5. அன்று பகல் தங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரில் சென்றோம். "ரெண்டு புகாரும் தீர்ந்திருச்சுன்னு கம்ப்யூட்டர் காட்டுதே, அடுத்த மாசம் தேதிக்கு வாங்க" என்று சீட்டுத் தர மறுத்தார்கள். கண்ணின் பின்புறத்தைப் பார்க்கும் கருவி இவ்வூரில் தங்களிடம் மட்டுமே உள்ளதால், வேறிடம் போகவும் வழியில்லை.

6. யார் சொன்னாலும் சரிபார்ப்பது என் வழக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் கண் மருத்துவப் பாடநூலைப் பார்த்தேன். புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையை இழுக்கலாம். இழுத்த இடத்தில் கிழியலாம். கிழிசல் வழியே நீர் புகுந்தால் விழித்திரை கழன்றுவரும். பெரும்பாலோருக்கு இது நேர்வதில்லை. ஆனால் கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். லென்ஸ் புதிது என்பதால் விழித்திரையும் புதிதாகிவிடாது. பூச்சியும் மின்னலும் எச்சரிக்கை. பார்வையில் திரை விழுந்தால், விழித்திரை கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். தாமதித்தால் பார்வை திரும்பாமலே போகலாம். இவ்வளவையும் அந்தத் துண்டுத்தாளின் பின்பக்கத்தில் அச்சிட இடம் இருக்கிறது. அது வெறுமையாகவே உள்ளது.

7. திரை இன்னும் விழவில்லை. விழுந்தால், தாங்கள் அளவெடுக்க ஆள் அனுப்புவீர்கள் என்று அஞ்சுகிறேன். தையல்காரரான நாத்தனார் எங்கள் வீட்டுச் சன்னல் திரைகளையும் தாமே தைப்பவர். இப்போது ஊசியில் நூல் கோக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். குறை எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

எனவே, அவரது கண்ணை மருத்துவர் ஒருவர் உடனே பார்க்க ஆணையிடுமாறும், துண்டுத்தாளில் "கண்ணுக்குள்" என்ற ஒரு சொல்லையாவது சேர்க்குமாறும் வேண்டுகிறேன். பூச்சி ஒழிப்பாளர் மீதும் மின் ஊழியர் மீதும் எனக்குப் புகார் இல்லை. இந்த விஷயத்தில் வீடு தேடி வந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லாத,
(ஒப்பம்)
தம்பி மனைவி

இடம்: சமையலறை மேசை
நாள்: வியாழன்

மறுநாள் சேர்த்தது: வெள்ளி காலை இம்மனுவுடன் இருவரும் வந்தோம். தபால் பிரிவு திறக்கவில்லை. வெளிநோயாளர் பிரிவில் இருந்த பெண் வாங்கிப் படித்தார். மூன்றாம் பத்தியில் சிரித்தார். ஆறாம் பத்தியில் எழுந்து எங்களை உள்ளே அழைத்துப் போனார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், விழித்திரையின் மேல் ஓரத்தில் கிழிசல் இருக்கிறது, இன்னும் கழலவில்லை என்றார். அப்போதே லேசரால் கிழிசலைச் சுற்றி வரிசை வரிசையாகப் புள்ளியிட்டு ஒட்டவைத்தார். எத்தனை வரிசை போட்டீர்கள் என்று நாத்தனார் கேட்டார். மூன்று என்றார் மருத்துவர். "அப்ப பிரியாது" என்று நாத்தனார் எழுந்து, வாசலுக்கு வரும் வரை என் கையை விடவில்லை. துண்டுத்தாள் மாறும் வரை இம்மனுவை நான் விலக்கிக்கொள்வதாக இல்லை.