இத்தாவில் ஒரு விருந்தாளி

ஜூலை 12, வெள்ளி

சோளகக் காற்று விடவில்லை. கூட்டக் கூட்ட மணல். வாடகை அறைக்கு விரிப்பு மாற்றியாச்சு. நுளம்பு வலை ஓட்டை தைத்தேன். சவர்க்காரம், மெழுகுதிரி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சரி. தேங்காய்ப்பால் மட்டும் புளித்துவிட்டது. எரிச்சல்.

மத்தியானம் செல்வமலர் (இனி செ.) போன் எடுத்தாள். ஹட்டன் மலைப் பக்கத்து ரீச்சர். பாலாவிச் சந்தியில் பஸ் மாறி இந்தப் பக்கம் வருகிறாளாம். தனியாகத்தான். யுத்தம் முடிந்த பிறகு இப்படி ஊர் பார்க்க வருகிற பெண்கள், பெண் இருக்கும் வீடாகப் பார்த்துத் தங்குகிறார்கள். நானும் ஆண்களுக்கு அறை கொடுப்பதில்லை.

கணவர் மௌத்தாகி அடக்கிய நாளிலிருந்து இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வருகிறவள் பெண், இதில் என்ன குற்றம்? ஆனால் காலையில் அவருடைய மூத்த நானா, என் பெரிய மச்சான், திரைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது: "ஒரு கதை வந்தாலும் அந்த அறைக்குப் பூட்டுத்தான். செல்லிப் போட்டன்." அவருடைய படகு விற்றாயிற்று. அறையும் போனால் நானும் புத்தளத்தில் விடுதியில் படிக்கிற மகளும் மச்சான் கையைத்தான் பார்க்க வேண்டும்.

13, சனி

செ. நல்ல பிள்ளை. வாய் ஓயாது. கடலே பார்த்ததில்லையாம். கணவாய்க் கறியைக் கிளறிக்கொண்டு, "இதுவும் மீனா, அக்கா?" விழுந்து சிரித்தேன். அவர் போனபின் இப்படிச் சத்தமாகச் சிரித்தது இன்றுதான். அடுத்த வீட்டு நஸீமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

களப்புக் கரையில் சதுப்புக் கண்டல் மரத்தடிக்குப் போகாதே, சேறு இழுக்கும் என்று சொல்லிவைத்தேன். "சரிக்கா." காதில் விழுந்ததோ தெரியாது.

14, ஞாயிறு

கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு கொக்கு பார்க்கப் போன செ., அந்தித் தொழுகை மஃரிபுக்கு வாங்கு சொல்லியும் வரவில்லை. அவள் போன் வேலை செய்யவில்லை. நஸீமா வீட்டார் கலியாணத்துக்குப் போய்விட்டார்கள். மச்சானுக்கு இரண்டு தரம் அடித்தேன். பள்ளிவாசலில் இருப்பார், எடுக்கவில்லை. வாசலில் நின்றேன். யாரோ பெற்ற பிள்ளை. இருட்டப் போகிறது. இறங்கினேன்.

பள்ளிக்குப் பிந்திப் போகிறவர்கள் எதிரே. ஒருவர் முகத்தைத் திருப்பினார். ஒருவர் நின்று பார்த்தார்.

கண்டலுக்குள், ஒரு கால் முழங்கால் வரை சேற்றில். வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வெள்ளைச் சால்வையை வீசி இழுத்தேன். கணுக்கால் பிசகியிருந்தது.

"ஏன் புள்ள கத்தல்ல?"

"கத்துனா ஆம்பளைங்க வருவாங்க. அப்புறம் உங்களத்தான பேசுவாங்க, அக்கா."

அடி பைத்தியமே. கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். அவர் போனபோதும் அப்படி அழவில்லை.

எழுதக் கூடாதது ஒன்று. போகும்போது பயம். திரும்பும்போது காற்று முகத்தில் பட்டது, நன்றாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

15, திங்கள்

சால்வை கழுவிக் கொடியில். செ. பையைக் கட்டிவிட்டாள். நான் அவிழ்த்து வைத்தேன். பாணும் சம்பலும் அப்படியே கிடக்கிறது.

பெரிய மச்சான் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கதிரை இழுத்து உட்காரும் சத்தம்.

"நேத்து நீ வெளிய போனதா ஊரே கதைக்கிது. மெய்யா?"

நான் வாய் திறக்குமுன் செ. நொண்டிக்கொண்டு திரையைத் தாண்டிப் போய்விட்டாள். "அக்கா வாசலத் தாண்டலைங்க. நானே வந்து சேந்துட்டேன். ஊர்க்காரங்க வேற யாரையோ பாத்திருப்பாங்க."

பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பெருமூச்சு விட்டார். "அப்ப நீயும் அப்பிடியே செல்லு. பள்ளியில நான் பேசிக்கிறன்."

ஒரு 'ஓம்' போதும், அறை மிஞ்சும். நானும் அந்தப் பொய்யைச் சொன்னால், நாளைக்கு இன்னொருத்தி சேற்றில் நின்றுகொண்டு எனக்காக வாயை மூடியிருப்பாள்.

"நான்தான் போனன், மச்சான். கண்டலடிக்கு. உங்களுக்கு அடிச்சன், நீங்க எடுக்கல்ல."

கதிரை பின்னால் நகர்ந்தது, மச்சான் எழும்பினார்.

"அந்தப் புள்ளைக்குக் கால் எப்பிடி?"

"வீக்கம்."

"சுகமாகும் மட்டும் இரிக்கட்டும். பொறகு அறைச் சாவிய அனுப்பிவிடு."

போய்விட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.