விளக்கு எரிந்த இருபது நிமிடம்

அன்புள்ள குன்வோர்,

லுண்ட் மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பார்க்கின்சன் நோய். வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும்படி மரபணு மாற்றிய ஸ்டெம் செல்களை என் மூளையில் வைத்திருக்கிறார்கள். கூடவே முடி போல ஓர் ஒளியிழை. நேற்றுக் காலை முதன்முறையாக விளக்கைப் போட்டார்கள்.

நடுக்கம் நிற்கிறதா என்று எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். நானோ நாம் சேர்ந்து கழித்த முதல் ஆகஸ்டை நினைத்துக்கொண்டிருந்தேன். படகுத்துறையில் இறால் விருந்து, தலையில் காகிதத் தொப்பி. சாறு என் சட்டையெல்லாம் தெறித்ததும் நீ சிரித்த சிரிப்பு.

"அட, சிரிக்கிறீங்களே," என்றாள் நர்ஸ் சோல்வெய். "இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் பாக்கறேன்."

கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

"என்னைப் பாத்தா உன் முகத்துல ஒண்ணுமே தெரியலை" என்று சொல்லிவிட்டுத்தானே நீ போனாய்? இந்த நோய் முகத் தசைகளையும் இறுக்கிவிடுமாம்; அப்போதே முகத்தில் தொடங்கியிருக்கும் என்கிறார் டாக்டர். கை நடுங்கியது ஆறு வருடம் கழித்துத்தான். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

இருபது நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். இனி வியாழன்தோறும் பத்து மணிக்குப் போடுவார்களாம். உடன் ஒருவர் இருக்கலாம். யார் பெயரை எழுதட்டும் என்று சோல்வெய் கேட்டாள். இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்போதும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தவன்