கீலில் குறையும் ஒரு திருகாணி

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசி. எப்போதும்போல நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் தோள்பட்டையையும் சேர்த்து அங்கே எல்லாம் நலமாக வேண்டும். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? ஈரத்தலையோடு வெளியே போக வேண்டாமாம். இது நான் சொன்னதில்லை, இடையிடையே அவளாகவே முணுமுணுத்துக்கொண்டு எழுதிக்கொள்கிறாள். எனக்கா படிக்கத் தெரியும்.

உன் கடிதத்தில், இந்தத் தோளோடு இனிமேல் துப்பாக்கியைக் கையில் தாங்கிச் சுடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அம்மாவின் பழைய துப்பாக்கிக்கு இப்போது விற்கிற இரண்டு கால் ஸ்டாண்டை மாட்டலாம் என்றால் அதன் பட்டை குழலுக்கு அடியிலுள்ள மரக்கட்டையின் பள்ளத்தில் நுழையவில்லை, மரத்தைத் துளைத்தால் அம்மா வருத்தப்படுவாளோ என்று கேட்டிருந்தாய். அடி கண்ணு, அதை முதலில் அறுத்தவளே அவள்தான். ஆற்றுப்பாலம் நடுவில் உட்கார்ந்துபோய், ஊரே படகில் ஏறி வேலைக்குப் போன வருடம் அது. உனக்கு நாக்குத் திருந்தாத வயது. குறி அட்டையை அத்தை என்பாய். என் தங்கை வீட்டுக்கு வந்து அண்ணி எங்கே என்று கேட்டதற்கு, அம்மா அத்தையைச் சுடப் போயிருக்கா என்று சொல்லி அவளை வாசலோடு திருப்பி அனுப்பினாய். சுடுதளத்தில் நான் அட்டை மாட்டுகிறவன், அம்மா ஆபீசில் டைப் அடித்துவிட்டு மாலையில் சுடப் பழகியவள். அவளுக்குக் கை குட்டை, துப்பாக்கியைத் தோளில் பதிக்கிற பின்கட்டை நீளம். சுடுதளத்துத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிற லேத்துக்காரர் எங்கே அறுப்பது என்று பென்சிலும் கையுமாக யோசித்துக்கொண்டே நின்றார். என் கை இனிமே வளரவா போகுது என்று ரம்பத்தைப் பிடுங்கி, மூன்று விரல் அகலத்துக்குத் தானே அறுத்தாள். சமையலறைக் கதவுக்கு அண்டை கொடுத்திருக்கிறோமே, அந்தக் கட்டை வேறெதுவும் இல்லை, அந்தத் துண்டுதான்.

கதவுக்கு அண்டை ஏன் வேண்டியிருந்தது என்பதை இன்றைக்குத்தான் சொல்கிறேன். சுடும்போது துப்பாக்கியைக் கையோடு இறுக்கிக்கொள்ள தையல்காரர் புது வார் தைத்துக் கொண்டுவந்தார். வார் வளையத்தின் திருகாணி எங்கேயோ உருண்டுவிட்டது, விடிந்தால் தேர்வுப் போட்டி. நான் சமையலறைக் கதவின் கீலிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டு முறுக்கினேன். கொஞ்சம் நீளம்தான், உள்ளே போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். போட்டியில் வாரை அவள் இறுக்க இறுக்க, குண்டு மேலே மேலே போனது. தேர்வானவர்கள் பட்டியலில் அவள் இல்லை. அட்டையைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று எழுந்து போனாள். கண் கெட்டுவிட்டது என்று தானே முடிவுகட்டிக் கண்ணாடி வாங்கினாள், துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஒரு மாதம் கழித்து எண்ணெய் போட எடுத்தபோது லேத்துக்காரர் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இழுத்தார். வளையத்துக்கு நேரே நின்றுவிட்டது. என் திருகாணியின் நுனி குழலை முட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றிக் குட்டையான வேறொன்றைப் போட்டுவிட்டு, வாயைத் திறந்துடாதேப்பா, கண்ணுன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டாங்க, இப்பப் போய்ச் சொன்னா அடுத்த குறி நீதான் என்றார். நானும் திறக்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஓட்டை படிப்பேன். கண் கெட்டால் ஓட்டைகள் நாலு பக்கமும் சிதறும். அன்று நான் கழற்றிய அட்டையில் பத்தும் ஏணிப்படி மாதிரி ஒன்றின் தலையில் ஒன்று. கீலுக்கு ஒரு திருகாணி போடுங்களேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் போடுகிறேன் போடுகிறேன் என்றே முப்பத்தெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். எந்த முகத்தோடு போடுவது?

இவ்வளவும் எழுதிவிட்டு அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். சமையலறைக் கதவு படாரென்று அறைந்தது. கட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வலப்பக்கம் ஒண்ணுகூடப் போகலையா என்றாள். இல்லை என்றேன். இடப்பக்கம்? அதுவும் இல்லை. அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளை கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம் என்கிறாள். அந்த அப்புறத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகையால் நீ தாராளமாகத் துளை. கட்டை பார்சலில் வருகிறது, துப்பாக்கியும் அதுவும் ஒரே மரம். பழைய பள்ளத்தில் கைவைக்காமல், அதற்கு முன்பக்கமாக இந்தத் துண்டை இழைத்துப் பொருத்தி, அதன்மேல் ஸ்டாண்டின் பட்டையை முடுக்கச் சொல்லி அங்குள்ள தச்சரிடம் கொடு. தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தொடு. திருகாணி மரத்துக்குள்ளேயே முடிய வேண்டும். மாட்டியபின் ஸ்டாண்டில் நிறுத்தி, உன் பாரத்தைக் கொடுத்து அழுத்திக்கொண்டு காகிதத்தை விட்டு இழு. எங்கும் நிற்காமல் வர வேண்டும். இதை மட்டும் மறக்காதே.

தோள் தேறி, நீயும் உன் வீடும் நிறைந்து இருக்க வேண்டும். அன்று அந்தத் துப்பாக்கியில் கைவைத்தவர்களில் லேத்துக்காரர் புதுப்பாலம் திறந்த வருடம் போனார், தையல்காரர் போன மழைக்காலத்தில் போனார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு மிச்சம் இருப்பவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதில் வழக்கமான வட்டமும் நடுவில் புள்ளியுமாக,
உன் அப்பா.

எழுதியவள்: உன் அம்மா.