பாம்பின் மேல் மஞ்சள் பொருக்கு

ஊர்வனவற்றுள்ளும் உயிராய் உறையும் இறைவன் காக்க.

அன்பு மகனுக்கு,

இனித் திரும்பி வருவதில்லை என்றும், உன் அறையில் நீ வளர்த்த பாம்பைத் தோப்பில் விட்டு அறையைக் காலிசெய்யும்படியும் எழுதியிருந்தாய். அவ்வாறே செய்ய முனைந்து அதைக் கையில் எடுத்தேன். வயிற்றுச் செதில்களில் மஞ்சள் பொருக்கு படர்ந்திருந்தது. சட்டை உரிக்கிறதென்று எண்ணி, நாள்தோறும் நீராட்டி வந்தேன். ஆறாததால் கால்நடை மருத்துவரம்மாவிடம் கொண்டுபோனேன்.

"பாம்புக்குத் தினமும் அபிஷேகமா? இது பூஞ்சைங்கய்யா. ஈரம்தான் அதுக்குச் சோறே!"

"தோப்புல விட்டா தானா ஆறிடாதாம்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க! அங்க இருக்கிற பாம்புக்கெல்லாம் ஒட்டிக்கும். குணமாகிற வரைக்கும் உங்க வீட்டுலதான்."

உயிரை அடைத்துவைப்பது பாவம் என்றே ஓதி வந்தேன். இன்று விடுவிப்பதே பாவம் என்கிறார்கள். எது அருள், எது பிழை என்று விளங்கவில்லை. மருந்து பூசிவிட்டுக் கைகூப்பும்போது, 'விரைவில் குணமாகட்டும்' என்னும் சொல் மட்டும் தொண்டையைத் தாண்ட மறுக்கிறது.

ஆகவே உன் அறை இப்போதைக்கு அப்படியே இருக்கும். நேற்று உன் தலையணைக்கு உறை மாற்றினேன். பாம்புக்குத் தலையணை வேண்டாம் என்பதை நானும் அறிவேன்.

நீயும், நான் இன்னும் காணாத மருமகளும் நோயின்றி, மனை நிறைந்து வாழ்க.

இங்ஙனம்,
உன் அப்பா